பத்து மில்லிமீட்டர்

கருவி அறைச் சுவரில்
ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு நிழல் வரைந்திருக்கும்.
கருவி தொங்கினால் நிழல் தெரியாது.
தொண்ணூற்று நாலு மார்ச்சில் ஒரு நிழல் தெரிந்தது:
பத்து மில்லிமீட்டர் சாக்கெட்,
சுண்டுவிரல் நுனி அளவு.

கேப்டன் லூபென் தோப்ரெவ்
முப்பத்தொன்றாம் எண் மிக்கின் வயிற்றுக்குள்
டார்ச்சைப் பல்லில் கவ்வி ஆறு மணி நேரம் கிடந்தார்.
விடிந்தால் சோஃபியாவிலிருந்து ஜெனரல் வருகிறார்,
பறக்க வேண்டிய நான்கில் அதுவும் ஒன்று.
நாலரைக்கு எழுந்தார். கை கழுவாமலே
ஏட்டில் கையெழுத்திட்டார்.
கீழே நான்: கருவிகள் சரி. ஸ்தோய்கா மீலெவா, சார்ஜெண்ட்.
மையின்மேல் அவர் விரலின் கிரீஸ்.

விமானம் போனது, வந்தது.
இறங்கும்வரை ஓடுபாதை ஓரம் நின்றார்,
தொப்பியில்லாமல், ரொடோப்பி மலைக் காற்றில்.
சந்தையில் வாங்கிய புதியதால் நிழலை மூடினேன்.

இருபத்தோரு வருடம்,
முப்பத்தொன்று மேலே இருக்கும்போதெல்லாம் நின்றார்.
மேஜரானார், நின்றார்.
கர்னலானார், கூட்டத்தைப் பாதியில் விட்டு வந்து நின்றார்.
அந்த விமானத்தைக் கட்டிக்கொண்டவர் என்று
பையன்கள் சிரித்தார்கள்.

சட்டைப் பையில் பேனா கூடாது.
மார்ச்சில் மணிக்கட்டில் கட்டும் சிவப்பு வெள்ளை நூலைக்கூட
ஹேங்கர் வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே.
மாலையில் நாற்பது நூல் ஆடும் அங்கே,
எது யாருடையது என்று சண்டை.
ஒரு திருகு குறைந்தால் அத்தனை விமானமும் தரையில்.
மந்திரி போனில் கத்தினாலும் தரையில்தான்.
எங்களில் ஒருவனும் விழவில்லை.
வேறொரு தளத்தில், அந்த வருடங்களில், இரண்டு சவப்பெட்டி.

அந்த சாக்கெட்
மறுவருட ஈஸ்டருக்கு எனக்குக் கிடைத்தது,
மச்சானின் மாஸ்க்விச் டிக்கியில், ஜாக்குக்கு அடியில்.
கார்புரேட்டருக்கென்று கேட்டிருந்தான்,
கொடுத்திருந்தேன், ஏட்டில் எழுதாமல்.
அன்றிரவு நினைவே வரவில்லை, சத்தியமாக.

சொல்லியிருக்கலாம்.
எங்கள் தெருவில் சம்பளம் வந்த ஒரே வீடு என்னுடையது.
பிறகு, அவர் பயம்தான் பையன்களைக் காக்கிறது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
உண்மையாகவும் இருக்கலாம்.
முதலில் வந்த காரணம் சம்பளம்.

அவர் ஓய்வுபெறும் ஆண்டு
முப்பத்தொன்றைக் கழற்றினார்கள், நகரச் சந்திப்பில்
கம்பத்தின்மேல் ஏற்ற.
கர்னல் அழுக்கு மேலுறை போட்டுக்கொண்டு
ஒவ்வொரு தகடாய்த் திறந்தார், இரண்டு நாள்.
கிடைத்தவை: செத்த வண்டு,
சூரியகாந்தி விதைத் தோல்,
தொழிற்சாலையில் யாரோ எழுதி வைத்த ரஷ்யச் சீட்டு.
மூன்றாம் நாள் கருவி அறைக்கு வந்தார்.
சுவர் நிறைந்திருந்தது.
"இறக்கைக்குள் போயிருக்கும்" என்றார்.
"இருக்கலாம், கர்னல்" என்றேன்.

இப்போது அதன் வாலில் நாரை கூடு கட்டியிருக்கிறது.
பஸ்ஸிலிருந்து பார்க்கிறேன்:
ரொட்டிப் பையோடு அவர்,
பறக்காத விமானத்தின் கீழே அண்ணாந்து,
இறங்கட்டும் என்பதுபோல்.
கைப்பையில் வீட்டுச் சாவியோடு அது குலுங்குகிறது.
சந்திப்பில் பஸ் மெதுவாகத்தான் திரும்பும்.