தெஸெஸ்ப்வார்

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலை. இரவு ஷிப்ட்.
ஒரு காதில் பஞ்சு,
மறுகாதில் பிரெஞ்சுப் பாட்டு:
வெள்ளத்தில் வீடு போனவன்
மறுபடி சுவர் எழுப்புகிறான்.
பெல்ட்டில் வருகிறது பெங்களூரா.
அழுகலுக்கு இடப்பக்கக் கூடை.

வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம்,
சம்பளச் சீட்டில் தமிழ்.
'இன்னொண்ணுக்கு நாக்குல எடமிருக்கா?'
சிரிக்கிறார் சூப்பர்வைசர் முனிராஜ்.

துமேன் என்றால் நாளை.
சளி பிடித்தவள்போல்
மூக்கில் முடிக்க வேண்டும்.
தெபூ என்றால் நின்றபடி.
எட்டு மணி நேரமாய்
அதைத்தான் செய்கிறேன்.

பல்லவியில் தெஸெஸ்ப்வார்.
'நம்பிக்கைகள்' என்று
அட்டைப்பெட்டி மடிப்பில் எழுதிவைத்து
ஒரு மாதம் முணுமுணுத்தேன்.
நேற்று ஜெசிந்தா போனில் தேடிவிட்டு,
'விரக்திக்கும் அதே சத்தம்தான்டி.
எழுதினாத்தான் பிரியும்' என்றாள்.

அவன் எதைப் பாடினான்?
யாரைக் கேட்பது?

கரண்ட் போகிறது.
பெல்ட் நிற்கிறது, பாட்டு நிற்கவில்லை.
இருட்டில் கைக்கு வந்த பழம்
அமுங்குகிறது.
கனிவா, அழுகலா,
விரலுக்குத் தெரியவில்லை.

மூக்கருகே கொண்டுபோகிறேன்.