கீழ்க்குரல்

எங்கள் கோயில் சிறியது.
பதினைந்து பேர் நின்றால் கதவைச் சாத்த முடியாது.
ஒருவரைப் பிடிக்காவிட்டாலும்
அவர் தோளில் படாமல் நிற்க இடமில்லை.
எங்குரி ஆறு தெரியும் அந்த மேட்டில்
என்றைக்கோ அதைக் கட்டியவர்கள்
தெரிந்தேதான் கட்டினார்களோ என்னவோ.

பாட்டு மூன்று குரலில்.
மேலே பிமென், நடுவில் ஜான்சுக்,
அடியில் நானும் முர்மனும்.
கீழ்க்குரலுக்குப் பெரிய வேலையில்லை.
ஒரு சுரத்தைப் பிடி, விடாதே, அவ்வளவுதான்.
விடாமல் எந்த மனிதனாலும் பிடிக்க முடியாது என்பதால்
இரண்டு பேர்.
நான் மூச்சு எடுக்கையில் அவன் பிடிப்பான்,
அவன் எடுக்கையில் நான்.
எப்போது என்று பேசிவைத்ததில்லை.
இருபத்திரண்டு வருஷமாக
அவன் விலா விரிவது என் முழங்கைக்குத் தெரியும்.

பிறகு புல்வெளி வந்தது.
எல்லைக்கல் ஏழு முழம் நகர்ந்திருந்தது.
பனி தள்ளிவிட்டது என்றான்.
பனிக்குக் கை முளைத்ததா என்றேன்.
மெஸ்தியா நீதிமன்றத்தில் இன்னும் கிடக்கிறது
அந்தக் கல்.

அக்டோபரில் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன்.
கடவுளோடு எனக்குச் சண்டையில்லை.
வீட்டில் படம் இருக்கிறது, குதிரைமேல் புனித ஜார்ஜ்.
தேன்மெழுகுத் திரி இருக்கிறது.
சிலுவை போட என் கை என்னோடுதான் இருக்கிறது.
வேறென்ன வேண்டும்?

முதல் ஞாயிறு நன்றாகவே இருந்தது.
இரண்டாம் ஞாயிறு பாடினேன்.
ஒரே சுரம்,
நடுவே ஒருதரம் இறக்கம், மறுபடி அதே சுரம்.
தொழுவத்திலிருந்து பசு எட்டிப் பார்த்தது.
மெட்டு என்னிடம் இல்லை.
இத்தனை வருஷம் பாடியும்
அந்தப் பாட்டு என் வாயில் இருந்ததே இல்லை.
பிமெனிடமும் அது முழுசாக இல்லை.
நாலு பேர் நடுவில், கல்தரைக்குச் சற்று மேலே,
எங்கோ இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை.
மூச்சு எடுக்கும்போதுதான் பயந்தேன்.
சுரம் அறுந்தது.
அறுந்த இடத்தில்
அடுப்பில் ஈரக்கட்டை சீறும் சத்தம் மட்டும்.
ஜார்ஜ் வெறும் சாயம். குதிரையும் சாயம்.
கேட்க யாருமில்லையோ என்று
அந்த அரை நொடியில் தோன்றிவிட்டது.
மறுபடி தொடங்கினேன், மறுபடி அறுந்தது.
ஒரு குளிர்காலம் முழுக்கத்
துண்டு துண்டாக விசுவாசித்தேன்.

மார்ச்சில் பனிச்சரிவு
முர்மனின் தம்பியை லாரியோடு கொண்டுபோயிற்று.
ஜான்சுக் என் வாசலில் வந்து நின்றான்.
உள்ளே வரவில்லை, குல்லாயைக் கழற்றவில்லை.
"கீழ்க்குரல் ஒன்றுதான் இருக்கிறது, எலிஸ்பார்.
அதுவும் இன்றைக்கு அழுகிறது."

எங்கள் சாவுப் பாட்டில் சொற்கள் கிடையாது.
ஓவென்று ஒரு ஒலி, வோயென்று ஒன்று.
நல்லதாயிற்று.
எங்கள் இருவரிடமும் சொல் எதுவும் மிச்சமில்லை.
மன்னிப்பு என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
பழைய இடத்தில் நின்றேன்.
இரண்டாம் சுற்றில் அவன் மூச்சு போயிற்று.
எடுக்கிற மூச்சல்ல, உடைகிற மூச்சு.
நான் பிடித்தேன்.
கண் இருட்டும்வரை,
அவன் திரும்பி வரட்டும் என்று பிடித்தேன்.
வந்தான்.
அப்போது நான் மூச்சு எடுத்தேன்,
சுரம் அறவில்லை.
ஐந்து மாதத்தில் முதல் முறையாக
என் மௌனத்துக்குள்
இன்னொருவன் பாடிக்கொண்டிருந்தான்.

கல் விஷயம் முடியவில்லை. ஜூனில் வாய்தா.
நான்தான் ஜெயிப்பேன் என்கிறார் வக்கீல்.
ஞாயிறு காலையில் அது ஞாபகம் வராமல் இல்லை.
செருப்பை மாட்டும்போது வருகிறது,
மேட்டில் ஏறும்போது வருகிறது.
ஆனாலும் போகிறேன்.

விசுவாச அறிக்கையில்
மரித்தோர் எழுவதைப் பற்றிய வரி வரும்போது
முர்மன் வாயை மூடிக்கொள்கிறான்.
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
அவன் விலா விரிவது என் முழங்கைக்குத் தெரிகிறது.
எடுக்கட்டும்.
அந்த வரியை நான் சொல்கிறேன்,
அவன் பங்குக்கும் சேர்த்து, சற்றே உரக்க.