ஒரு மணித்தியாலம் பிந்தி

பீல் நகரில் எங்கள் தெருவுக்கு இரண்டு பெயர்,
மேலே டொச், கீழே பிரெஞ்சு.
தபால்காரி இரண்டையும் பார்ப்பதில்லை;
பெட்டியில் ஒட்டியிருக்கும் எங்கள் பெயரின்
நீளத்தை வைத்தே எங்களைக் கண்டுபிடிப்பாள்.

மகள் பயிற்சி எடுக்கும் கந்தோரில்
கழித்துவிட்ட கணினி. நாற்பது பிராங்க்.
சாப்பாட்டு மேசையின் சுவர்ப்பக்கம் வைத்தோம்.

இவருக்கு விண்டோஸ்தான் வேண்டும்:
சீட்டுக் கணக்கு எக்செல்லில் கிடக்கிறது,
ஒரு கட்டம் கலைந்தாலும்
பன்னிரண்டு குடும்பம் படியேறி வரும்.
மதுரிகாவுக்கு லினக்ஸ்:
விண்டோஸ் என்றால் அவளுடைய மேற்பார்வையாளர்
மூக்கைச் சுளிப்பாராம்.
எனக்கு எது வேண்டுமென்று ஒருவரும் கேட்கவில்லை.
ஆகவே நிறுவும் வேலை எனக்கு.

பதினாறு வருடமாய்
எள்ளை விடச் சின்னத் திருகாணிகளை
மணிக்கூட்டுக்குள் இறக்குகிறவள்.
கை நடுங்காது.

ஞாயிற்றுக்கிழமை.
திரையில் ஒரு நீளப் பட்டை, நடுவில் கோடு,
மவுசால் இழுக்கலாம்.
"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார் இவர்.
"அப்பா, ஏற்கெனவே உங்களுக்குத்தான் கூட" என்றாள் அவள்.
கதியால் தள்ளி நட்ட வழக்கெல்லாம்
இப்படித்தான் தொடங்கியிருக்கும்.

இதற்குப் பிறகு திரும்ப முடியாது என்றது திரை.
டொச்சில் வாசித்தேன். பிரெஞ்சுக்கு மாற்றி வாசித்தேன்.
இரண்டிலும் திரும்ப முடியாது.
சீட்டுக் கணக்கைப் பென்டிரைவில் ஏற்றிச்
சட்டைக்குள் செருகிக்கொண்டு
அழுத்தினேன்.

பிறகு அந்தக் கறுப்புத் திரை:
இரண்டு வரி, பத்து விநாடி.
ஒருவரும் தொடாவிட்டால் மேல்வரி தானாய்த் திறக்கும்.
எது மேலே என்று மூன்று நாள் வழக்கு,
கணினியில் ஒட்டிய மஞ்சள் துண்டுகளில்.
நேரே கதைக்க ஏது நேரம்?
இவர் வெதுப்பகத்தால் வரும்போது
அவள் படியிறங்கிக்கொண்டிருப்பாள்;
மாடிப்படி விளக்குத் தானாய் அணைவதற்குள்
இருவரும் கடந்துவிடுவார்கள்.
அவள் திரும்பும்போது இவர் நித்திரை.

வியாழன் இரவு அவள் லினக்ஸை மூடிவிட்டுப் படுத்தாள்.
இவர் எழும்பி, விண்டோஸைத் திறந்து, கணக்கோடு குந்தினார்.
திரை மூலையில் மணி ஒன்பது பத்து.
வெளியே, பனியில், பத்துப் பத்து.
லீஸுக்குப் போகும் ரயில்
இவரில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது.

"மணிக்கூடு செய்கிற ஊரில்,
மணிக்கூடு செய்கிறவளின் வீட்டில்" என்றார்.
அவ்வளவுதான். சத்தம் போடவில்லை.

பெட்டிக்குள் பொத்தான் பற்றரியில் ஓடும்
சின்ன மணிக்கூடு ஒன்றுதான்.
ஒன்று அதைக் கிரீன்விச் நேரமென்று நம்புகிறது,
மற்றது இந்த ஊர் நேரமென்று.
இரண்டும் பொய் சொல்லவில்லை.
ஒன்றை மற்றது கேட்கவுமில்லை.

மதுரிகா போர்வையோடு எழும்பி வந்தாள்.
அடுத்த ரயிலுக்கு இன்னும் அரை மணித்தியாலம்.
இவர் கதிரையை விட்டுக்கொடுத்தார்.
அவள் ஒரே ஒரு வரி எழுதினாள்.
எழுத எழுத இதென்ன, இதென்ன என்று இவர் கேட்க
அவள் சொல்ல
தேத்தண்ணி ஆறியது.
"உங்களுக்குக் கை முழுக்க மா, அப்பா, கீபோர்டிலும்" என்றாள்.
ஞாயிறுக்குப் பிறகு அன்றைக்குத்தான்
மூன்று பேரும் ஒரு மேசையில்.

இவருக்கு அரை இரவுச் சம்பளம் வெட்டினார்கள்.

அந்த ஒரு வரி
எனக்குத் திங்கட்கிழமையே தெரியும்.