விட்டுவிடுகிறேன்

தானே புயலுக்கு இரண்டு மாதம் முன்னால்
கடலூர் முதுநகர்க் கோயிலில் ஜோவினுக்கு ஞானஸ்நானம்.
மரியசூசைக்கு நெருங்கிய கூட்டாளி என்பதால்
நான் ஞானத்தகப்பன்.
வேறு தகுதி எதையும் எவரும் கேட்கவில்லை.
இரவல் வெள்ளைச் சட்டை,
அரைக் கிராம் மோதிரம்,
கையில் மெழுகுதிரி.
மின்விசிறிக் காற்றில் அது அணைந்ததை
போட்டோக்காரர் மட்டும் பார்த்திருக்கிறார்.
ஆல்பத்தில் இன்றும்
புகைகிற திரியோடு சிரிக்கிறேன்.

சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்றார் ஃபாதர்.
விட்டுவிடுகிறேன்.
அவன் செயல்களை?
விட்டுவிடுகிறேன்.
அவன் மாயக் கவர்ச்சிகளை?
விட்டுவிடுகிறேன்.
தொண்டை கட்டியிருந்தும் உரக்கத்தான் சொன்னேன்.
பின்பக்கம் பிரியாணி தம்மில் இருந்தது.

சொன்ன சொல் தவறவில்லை.
விட்டுவிட்டேன்,
பிள்ளையை.

புதுநன்மைக்கு வீடு தேடி வந்து அழைத்தாள் விக்டோரியா;
அன்று ஐஸ் கம்பெனியில் மோட்டார் ரிப்பேர்.
கிறிஸ்துமசுக்கு இருநூறு ரூபாய்,
அதுவும் சில வருடம்.
மரியசூசை மஸ்கட் போனான்.
போன் குறைந்தது, பிறகு நின்றது.
துறைமுகச் சாலையில் அந்தப் பையன்
தோளில் பையோடு எதிரே வருவான்.
வளர்ந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன்.
வளர்ப்பது யார் என்று நினைத்ததில்லை.

போன தவக்காலத்தில் ஒரு சாயங்காலம்
ஐஸ் பார்கள் சறுக்கி இறங்கும் பலகைக்குப் பக்கத்தில்
சைக்கிளோடு வந்து நின்றான்.
"உறுதிபூசுதலுக்கு ஃபாரம்.
பதிவேட்டுல உங்க பேருதான் இருக்கு."
என் பேர். தொபியாஸ், த/பெ அந்தோணிமுத்து.
பங்கு ஆபீஸ் பீரோவில், மை கலையாமல்,
பதினான்கு வருடமாக
நான் அவனுக்குத் தகப்பனாக இருந்திருக்கிறேன்.

ஈரக் கையில் பேனா எழுதவில்லை.
உதறினேன். வேட்டியில் துடைத்தேன்.
"கையெழுத்து மட்டும் போதாதாம்.
ஆறு சனிக்கிழமை நீங்களும் வந்து உக்காரணுமாம்."
அப்புறம் தரையைப் பார்த்து,
"முடியலன்னா பரவாயில்ல.
ஆரோனோட மாமா
ரெண்டு பேருக்கும் நிக்கிறேன்னு சொல்லியிருக்காரு."

அந்தப் 'பரவாயில்ல'வை
இவ்வளவு சரளமாகச் சொல்ல
எத்தனை முறை பழகியிருப்பான்?

போனேன்.
சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில்
முழங்கால் முகவாயை இடித்தது.
தூய ஆவியின் கொடைகள் ஏழு.
எனக்கு நாலு வந்தது. மிச்சத்தை ஜோவின்
உதடு அசையாமல் எடுத்துக் கொடுத்தான்.
சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் சனிக்கிழமை, உப்பனாற்றுப் பாலத்தில்
சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட்டான்:
"ஜெபம் பண்ணா அப்பா போன் பண்ணுவாரா?"
சிப்காட் காற்று மூக்கில் ஏறிற்று.
பண்ணுவார் என்று நாக்கு நுனிவரை வந்தது.
வாக்குக் கொடுத்துப் பழக்கம் உண்டே எனக்கு.
"தெரியலடா.
நான் உங்கப்பனுக்காக ஜெபிச்சே வருஷமாச்சு.
இன்னிக்கு ராத்திரி பண்றேன். நீயும் பண்ணு. எட்டரைக்கு."
"ஏன் எட்டரை?"
"ஷிஃப்ட்டுல டீ டைம்."
சிரித்துவிட்டான்.

ஐஸ் உறைய வைப்பது நானல்ல.
அது அமோனியாக் குழாய்களுக்குள் நடப்பது.
உமி கொட்டி மூடுவது, நனைந்த சாக்கை மாற்றுவது,
வெயில் எந்தப் பக்கம் திரும்புகிறதென்று
பார்த்துக்கொண்டே இருப்பது,
அவ்வளவுதான் என் வேலை.
அதையும் செய்யாவிட்டால்
காலையில் தரையெல்லாம் தண்ணீர்.

எட்டரைக்கு உமிக் குவியலுக்குப் பின்னால் நின்று
மரியசூசையின் பேரைச் சொன்னேன்.
அதற்குமேல் வார்த்தை வரவில்லை.
டீ ஆறிவிட்டது.
மறுநாளும் நின்றேன்.

ஆயர் வந்த ஞாயிறு.
வலது கையை அவன் தோளில் வைக்கவேண்டும் என்பது முறை.
விடியும்வரை ஷிஃப்ட் பார்த்த கை.
வைத்ததும் நெளிந்தான்.
"ஜில்லுனு இருக்கு."
"எடுத்துரட்டுமா?"
அதற்குள் ஆயர் எங்கள் முன்னால்.
பரிமள எண்ணெய் வாசம்.
வேண்டாமென்று தலையசைத்தானா,
நெற்றியைக் காட்ட நிமிர்ந்தானா,
எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

கையை எடுக்கவில்லை.