நான்காவது ஐந்து

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில்
கட்டணக் கழிப்பிட வாசலில் என் மேசை.
இரவு பத்திலிருந்து காலை ஆறு.
ஓசூர் வண்டி வந்தால் நாற்பது பேர்,
குப்பம் வண்டிக்கு ஏழெட்டு.
அவசரத்தில் இருப்பவர்கள்
காசைப் பார்த்துக் கொடுப்பதில்லை.
நான் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

ஈரக் காசு, விபூதி அப்பிய காசு,
மண்டியில் மாங்காய் இறக்கியவர் நீட்டினால்
பால் பிசுக்கு ஒட்டிய காசு.
முந்தானையில் துடைத்து
டியூப் லைட்டுக்குச் சாய்ப்பேன்.
வாட்ச் ரிப்பேர் வாஹித் பாய்
கடையைக் காலி செய்தபோது விற்ற கண்லென்ஸ்,
முந்நூறு ரூபாய், இரண்டு தவணை.

வருஷத்துக்குக் கீழே புள்ளி என்றால் நொய்டா.
நட்சத்திரம் ஹைதராபாத்.
வைரக்கட்டம் மும்பை.
கல்கத்தா மட்டும் தன் பெயரைச் சொல்லாது.

மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன்:
விளிம்பில் பிறை கடித்த ஒற்றை ரூபாய்.
சிங்கம் நேராக நின்றால்
எண் தலைகீழாக நிற்கும் இரண்டு.
நிறம் மாறிப்போன ஆஃப்பாயில் போல
நடு ஒதுங்கிய ஒரு பத்து.
(ஒழுங்கான பத்தையே
இந்த ஊரில் யாரும் வாங்குவதில்லை.)

நான் சொல்ல வந்தது ஐந்தைப் பற்றி.

முதலாவது ஆடிப்பெருக்கன்று வந்தது.
சிங்கத்தின் காதிலிருந்து மயிரிழையாக ஒரு கோடு.
கீறல் என்று நகத்தால் தடவினேன்.
கீறல் பள்ளமாக அல்லவா இருக்கும்,
இது மேடு.
பிளந்தது காசு இல்லை, அச்சு.
அந்தப் பிளவுக்குள் உலோகம் புகுந்து
வரப்பாக எழும்பியிருக்கிறது.

ஐப்பசியில் இரண்டாவது.
அதே காது, அதே கோடு,
பிடரியைத் தாண்டியிருந்தது.
மூன்றாவதில் விளிம்பைத் தொட்டுவிட்டது.
ஹைதராபாத்தில் ஏதோ ஒரு ஷிப்டில்
அந்த மெஷின் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது,
யாரும் நிறுத்தவில்லை.
மூன்றும் வேறு வேறு மூட்டையில் ஏறி
எந்தெந்தப் பைகளிலோ குலுங்கி
கடைசியில் மூத்திரக் காசாக
என்னிடம் வந்து சேர்ந்தன.

அப்படியானால்
நான்காவது எங்கோ இருக்கிறது.
அச்சிலிருந்து அந்தத் துண்டு பெயர்ந்து விழுந்த பிறகு
அடித்தது.
அதில் காது இருக்காது.
காது இருந்த இடத்தில் ஒரு மரு.

காண்ட்ராக்டர் திம்மராயனுக்கு என்மேல் சந்தேகம்.
டப்பியில் எதையோ ஒளிக்கிறாளாம்.
எடுக்கிற ஐந்துக்கு என் ஐந்தை வைக்கிறேன்,
எண்ணிப் பாருங்கள் என்றேன்.
எண்ணினார்.
சரியாக இருந்ததில்தான்
அவருக்குச் சந்தேகம் கூடியது.

வைகாசி மழையில் மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
இருட்டில் ஒரு கை ஐந்தைத் தந்தது.
அடுத்த கை பத்து ரூபாய் நோட்டு,
வாங்கியதையே மீதியாகக் கொடுத்தேன்.
அந்தக் கை மூடிய பிறகுதான்
என் கட்டைவிரல் சொன்னது,
மரு.

உள்ளே போன ஆள் வரும்வரை
கதவருகே நின்றேன்.
வந்தவர் நேராகத் தருமபுரி வண்டியில் ஏறினார்.
ஜன்னலுக்குக் கீழே ஓடி,
அண்ணே, அந்த அஞ்சு ரூபாயைக் குடுங்க,
வேற தர்றேன்.

அவர் காசை செல்போன் வெளிச்சத்தில் திருப்பினார்.
என்னைப் பார்த்தார். மறுபடி காசைப் பார்த்தார்.
"செல்லாதுன்னு கேக்கறியா,
இல்ல, ரொம்பச் செல்லும்னு கேக்கறியா?"

அதற்கு எனக்குப் பதில் வரவில்லை.
டிரைவர் கியர் போட்டார்.
காசு சட்டைப் பைக்குள் போனது.

தருமபுரியிலும் ஒன்றுக்குப் போக ஐந்துதான்.
அங்கே மேசையில் யார் இருக்கிறார்களோ,
துடைத்துப் பார்ப்பார்களோ என்னவோ.

காலையில் திம்மராயன் இரண்டு முறை எண்ணினார்.
ஒரு பைசா குறையவில்லை.