மெழுகுப் பூச்சுடன்

போஸ்னானிலிருந்து ஊஸ்த்காவுக்கு
முந்நூறு கிலோமீட்டர்.
முப்பதாவதிலேயே குஸ்தாவ் கேட்டுவிட்டான்,
வந்துட்டோமா?
கலினா ஜன்னலுக்குச் சண்டை போட்டாள்,
இரண்டு ஜன்னல் உள்ள பின்சீட்டில்
இரண்டே பேர் இருந்துகொண்டு.

ஒரு வருடம் டிராம் ஓட்டிச் சேர்த்த காசு.
ஞாயிற்றுக்கிழமைகள்,
பனி உறைந்த தண்டவாளத்தில் விடிகாலை நான்கு மணிகள்,
பிறர் வீட்டில் கேக் வெட்டிய இரவுகள்
எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் குலுங்கின.
கார் லெஷெக்குடையது,
டிப்போவில் என் ஷிஃப்டை மாற்றிக்கொள்பவன்.
கொடுத்தபடியே திருப்பிக் கொடு என்றான்,
வேறொன்றும் சொல்லவில்லை.

பால்டிக் கடற்கரையில்
சூரியனுக்கு முன் எழுந்தால்தான் இடம்.
கோடு போட்ட துணித் தடுப்பை விரித்து
கம்புகளை மணலில் அறைந்து
எல்லை வகுத்தேன்.
அண்டை நாட்டில் கடோவிட்சேக்காரர் ஒருவர்
ஏற்கெனவே குறட்டையால் ஆண்டுகொண்டிருந்தார்.

தண்ணீர் பதினாறு டிகிரி.
அந்தக் கடல் யாரையும் வா என்று சொல்வதில்லை.
சொல்லாமலே போனார்கள் இருவரும்.
உதடு நாவல்பழ நிறமாகி
பல் தந்தியடிக்க
‘குளிரவே இல்லம்மா’ என்றார்கள்.
முழங்கால்வரை போய் நின்றேன்.
என் எலும்புக்கும் எனக்கும் அன்றோடு பேச்சில்லை.

செவ்வாய் தொடங்கிய மழை
சனிவரை நின்றபாடில்லை.
கலங்கரை விளக்கம் பழுதுபார்க்க மூடியிருந்தது.
வாஃபிளின் மேலிருந்த கிரீமை
ஒரு கடற்புறா,
நாங்கள் வாங்கிக் கொடுத்ததுபோல,
கொத்திக்கொண்டு போனது.
குஸ்தாவ் அம்பர் கண்டெடுத்தான்.
உப்புத் தண்ணீரில் போட்டோம்.
மூழ்கியது.
பீர் பாட்டில் சில்லு.
அழவில்லை; ஒற்றைக் கண்ணில் வைத்து
அறைக்காரி ஹல்ஷ்கா அம்மாளைப் பார்த்து
‘நீங்க தேன்ல இருக்கீங்க’ என்றான்.
மணலோடு வந்ததற்குத் திட்ட வாயெடுத்தவள்
அப்படியே மூடிக்கொண்டாள்.

கலினாவுக்குப் பதினொன்று.
வாரம் முழுக்க ஒரே சொல்: போர்.
கடல் போர், சீட்டு விளையாட்டு போர்,
புகையிட்ட மீன் முள்ளு, அதோடு போர்.
ஒரு நாள் ராத்திரி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு
நான் கொஞ்ச நேரம்
சும்மா உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில்தான் பார்த்தேன்,
லெஷெக்கின் கூரைமேல்
ஊஸ்த்காவின் கடற்புறாக்கள் மொத்தமும்
ஓட்டுப் போட்டிருந்தன.
பீவாவைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்,
பின்னால் கார் கழுவும் கூடம்.
டப்பாவைக் கவிழ்த்தேன்.
சாதாரணக் கழுவல், இருபத்திரண்டு ஸ்லோட்டி.

கதவு இறங்கியது.
இருட்டு.
கண்ணாடியெல்லாம் இளஞ்சிவப்பு நுரை.
இடத்திலிருந்து ஒரு கரடி, வலத்திலிருந்து ஒரு கரடி,
நீலமாய்ச் சுழன்று
தடதடவென்று மேலே ஏறி வர,
நாங்கள் அசையாமல் நின்றோமா
கூடம் நின்று நாங்கள் நகர்ந்தோமா
தெரியவில்லை.
கியர் மேலிருந்த என் கையை
பின்சீட்டிலிருந்து ஒரு கை இறுக்கிப் பிடித்தது.
நகப்பூச்சு உரிந்த, பதினொரு வயதுக் கை.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்தால் விட்டுவிடுவாள்.

வெளிச்சம் வந்ததும் இருவரும் ஒரே குரலில்:
இன்னொரு தடவை.

டப்பாவில் நாற்பத்தொன்று இருந்தது.
வீடு போக எண்ணெய் போதும்,
இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டி இருக்கும்.
மெழுகுப் பூச்சுடன் முப்பத்தெட்டு
என்றது பலகை.

ஞாயிறு மாலை லெஷெக் காரைச் சுற்றி வந்தான்.
முகம் பார்க்கலாம் போலிருக்கே,
கடலில் முக்கினாயா?
ரெண்டு தடவை, என்றேன்.

செப்டம்பரில் பள்ளியில் வரையச் சொன்னார்களாம்,
விடுமுறையில் கண்ட பெரிய விஷயம்.
மற்ற பிள்ளைகள் மலை வரைந்தார்கள், கப்பல் வரைந்தார்கள்.
குஸ்தாவின் தாளில் ஒரு கார்,
சுற்றிலும் நீலக் கரடிகள்,
உள்ளே மூன்று தலை,
மூன்றிலும் வாய் ஆவென்று.
கடல் எங்கேடா என்றேன்.
அது வெளியே இருக்கு என்றான், தாளைத் தாண்டி.

முன்சீட்டுத் தலையைத் தொட்டு,
நான் கத்தவே இல்லையே என்றேன்.

கிரேயானை மூடிவைத்தபடி சொன்னான்:
நீதாம்மா ரொம்ப.