குமிழி

பதினெட்டு ஆண்டுகள்
பிரெல் ஆற்றங்கரைக் கண்ணாடி ஆலையில்
என் வேலை குமிழியைப் பிடிப்பது.
சூடு ஆறாத புட்டிகள் வரிசையாய் வரும்,
பின்னால் வெள்ளை விளக்கு.
கடுகளவு காற்று உள்ளே அகப்பட்டிருந்தாலும்
விரல் தானே நீளும்,
புட்டி தொட்டியில் விழுந்து நொறுங்கும்,
மறுபடி உலைக்குப் போகும்.
தூக்கத்திலும் நீள்கிறதாம் விரல்.
என் கணவன் கிஸ்லேன் தள்ளிப் படுக்கிறான்.

போன பிப்ரவரியில் பாரிஸிலிருந்து
நான்கு பேர் வந்தார்கள்.
ஆலைத் தரையில் எங்கே மிதிப்பதென்று தெரியாத
நல்ல காலணிகள்.
ஒல்லியானவன் பெயர் தெபோ.
"ஒரு வோட்கா வரப்போகிறது" என்றான்.
வோட்கா இன்னும் வரவில்லை.
விலை வந்துவிட்டது: தொண்ணூற்றைந்து யூரோ.
பெயர் வந்துவிட்டது: உத்ரேவ்.
அப்படி ஓர் ஊர் கிடையாது.
"சொல்லும்போது கொஞ்சம் தடுமாற வேண்டும்.
தடுமாறுகிறவன் குரலைத் தாழ்த்துவான்,
குரலைத் தாழ்த்துகிறவன்
விலை கேட்கமாட்டான்."

அடைப்பானுக்கு ஒரு நாள் முழுக்கப் போனது.
உணவுக்கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தோம்
அவர்களோடு நானும்.
முப்பத்தொன்பது அடைப்பான்கள்.
டொப். டப். ட்டுப்.
இருபத்தாறாவது திறந்தபோது
யாரோ பெருமூச்சு விட்டார்கள்.
அதையே வைத்துக்கொண்டார்கள்.

அடிக்கண்ணாடி தடிக்க வேண்டும். இன்னும். இன்னும்.
நிறைகுடம் தளும்பாது, சரி;
இவர்களுக்கு வெறுங்குடமே கனக்க வேண்டும்.
ஒரு கிலோ முந்நூறு கிராம்.
தூக்கிப் பார்த்த மணிக்கட்டு
சாயங்காலம் வரை வலித்தது.

சரக்கு ஒரு வியாழக்கிழமை வந்தது,
பிக்கார்தியிலிருந்து டேங்கர் லாரியில்.
ஓட்டியவன் என் மைத்துனன் ஃபிர்மேன்.
அதே கோதுமை, அதே குழாய்.
பாதியைப் பேரங்காடியின் ஒன்பது யூரோ வோட்காவுக்கு
இறக்கிவிட்டு வந்தானாம்.
"எந்தப் பாதி உசத்தி?"
"இதுதான்" என்றான்.
"கூடக் கொஞ்ச தூரம் குலுங்கியிருக்கிறதே."

லேபிளில் ஒரு துறவி முளைத்தார்,
சகோதரர் ஓந்த்ரான், ஆண்டு 1743.
துபாயில் தான் தங்கிய அறையின் எண் அது என்று
தெபோவே சிரித்துக்கொண்டு சொன்னான்.
பிறகு முகத்தைத் திருத்திக்கொண்டான்.
"துறவி வாயால் ஊதிய புட்டி
இவ்வளவு சுத்தமாக இருக்கலாமா?
ஒரு குமிழி வேண்டும்.
ஒன்றே ஒன்று. மிளகளவு. இடப்பக்கம், கீழே."

ஆறு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு
அச்சுக்காரர்கள் இயந்திரத்துக்குத்
தப்புச் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள்.
இப்போது என் வேலை
குமிழி இல்லாததைப் பிடிப்பது.
முதல் வாரம் விரல் சொன்ன பேச்சு கேட்கவில்லை.
நல்லவை, அதாவது கெட்டவை,
இல்லை, நல்லவைதான்,
நூற்று நாற்பது உடைந்தன.
சம்பளத்தில் பிடிக்கவில்லை.
கண் பரிசோதனைக்கு மட்டும் அனுப்பினார்கள்.

அக்டோபரில் லிஸ்பனுக்கு, மகளைப் பார்க்க.
ருவாஸி விமான நிலையத்தில், வரி இல்லாக் கடையில்
அடியிலிருந்து வெளிச்சம் வாங்கிக்கொண்டு
நின்றன என் புட்டிகள்.
விற்பனைப் பெண் குரலைத் தாழ்த்தினாள்:
"இந்தக் குமிழியைப் பாருங்கள், மதாம்.
துறவியின் மூச்சு."
மூன்றாம் தடத்து கம்ப்ரஸரின் மூச்சு.
கொஞ்சம் இருமும் அது, திங்கட்கிழமைகளில்.
நான் தலையாட்டினேன்.
அவள் இன்னொரு குடும்பத்துக்குப்
பெட்டியைத் திறந்து காட்டப் போனாள்;
மூடி மெதுவாக எழும்ப எட்டு வினாடி.
அந்த எட்டு வினாடிக்கும்
எவனோ சம்பளம் வாங்கியிருப்பான்.

என் விரல் வரிசையில் நகர்ந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று.
நான்காவதில் ஒன்றுமில்லை.
அடி முதல் கழுத்து வரை வெறும் வெளிச்சம்.
ஏதோ இரவு ஷிஃப்டில், மூன்று மணிவாக்கில்
என்னைத் தாண்டிப் போயிருக்கிறது.

எடுத்து முன்வரிசையில் வைத்தேன்,
பெயர் வெளியே தெரியும்படி.
அதற்குள் லிஸ்பன் விமானத்துக்கு
அழைத்துவிட்டார்கள்.